கேள்வி – பதில்: ஒரு நாளில் கோட்டையும் சிறைச்சாலையும்

சென்ற மாதம் கல்லடியிலிருந்து வந்த ஒரு கடிதத்துக்கு நான்கு வரிகளில் பதில் எழுதிவிட்டு வேறு கேள்விகளுக்குப் போகலாம் என்றே எண்ணியிருந்தேன். அதே வாரத்தில் கல்முனையிலிருந்து ஓர் ஆசிரியரும், அக்கரைப்பற்றிலிருந்து ஒரு மாணவியும், வாகரையிலிருந்து ஒரு வாசகரும் கோட்டைகளையும் சிறைகளையும் பற்றியே கேட்டு எழுதியிருந்தபடியால், இம்முறை இந்தப் பகுதி முழுவதையும் அவர்களுக்கே ஒதுக்கிவிட்டேன். காணி உறுதி பற்றியும் ஓய்வூதியம் பற்றியும் கேட்டிருப்பவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி (கல்லடி வாசகி): ஐயா, யூலை மாதத்தில் ரொறன்ரோவில் இருக்கும் மகனிடம் போகிறேன். ஒரு சனிக்கிழமை கிங்ஸ்டன் என்ற ஊருக்குக் கூட்டிப்போய், அங்குள்ள கோட்டையையும் சிறைச்சாலை நூதனசாலையையும் காட்டுவதாக மகன் சொல்கிறார். எனக்கு வயது அறுபத்தெட்டு; முழங்கால் நோவும் உண்டு. ஒரே நாளில் இரண்டையும் பார்த்துத் திரும்ப முடியுமா? புளியந்தீவில் பிறந்து, கோட்டை மதிலைப் பார்த்தே வளர்ந்த எனக்கு அங்கே புதிதாகப் பார்க்க என்ன இருக்கப்போகிறது?

பதில்: முடியும் அம்மா, ஆனால் காலை ஏழு மணிக்கு முன் வீட்டை விட்டு வெளிக்கிட வேண்டும். ரொறன்ரோவிலிருந்து கிங்ஸ்டன் ஏறத்தாழ 260 கிலோமீற்றர் கிழக்கே இருக்கிறது. 401ஆம் இலக்க நெடுஞ்சாலையில் வழியில் ஒரு தரம் இறங்கித் தேநீர் குடித்துக்கொண்டு போனால் மூன்று மணித்தியாலம் பிடிக்கும். முதலில் கோட்டைக்குப் போங்கள். ஹென்றி கோட்டை ஒரு குன்றின்மேல் இருக்கிறது. அதன் நடுமுற்றம் வெட்டவெளி. அந்த நாட்டு யூலை வெயிலும் நம்முடைய வெயிலுக்குச் சளைத்ததன்று. ஏற்ற இறக்கம் அதிகமாகையால், காலில் தெம்பு இருக்கும் காலை நேரத்தில் அதை முடித்துக்கொண்டு, மத்தியானச் சாப்பாட்டுக்குப்பின் சிறைச்சாலைப் பக்கம் போவதே உங்கள் முழங்காலுக்கு நல்லது.

உங்கள் இரண்டாவது கேள்விக்குச் சற்று விரிவாகவே பதில் சொல்ல வேண்டும். புளியந்தீவில் இருக்கும் நம்முடைய மட்டக்களப்புக் கோட்டை கைக்குக் கை மாறிய கோட்டை: போர்த்துக்கேயர் 1628இல் கட்டினார்கள், ஒல்லாந்தர் 1638இல் பிடித்தார்கள், பிரித்தானியர் 1795இல் எடுத்துக்கொண்டார்கள். ஹென்றி கோட்டையை எந்தப் பகைவனும் ஒருநாளும் தாக்கியதே இல்லை. 1812இல் பிரித்தானியருக்கும் அமெரிக்கருக்கும் மூண்ட போரின்போது கிங்ஸ்டனில் பிரித்தானியக் கடற்படையின் கப்பல் கட்டும் தளம் இருந்தது. அதைக் காப்பதற்காக அக்குன்றில் முதலில் ஒரு கோட்டை எழுந்தது. போர் முடிந்தபின், அமெரிக்கரின் எல்லையை ஒட்டி ஓடும் சென் லோரன்ஸ் ஆற்றை நம்பியிராமல் உள்நாட்டு வழியாகவே படையையும் பொருளையும் கொண்டுபோகலாம் என்று, ஒட்டாவாவிலிருந்து கிங்ஸ்டன்வரை 202 கிலோமீற்றர் நீளமான ரீடோ கால்வாயை வெட்டி 1832இல் முடித்தார்கள். அந்தக் கால்வாயின் வாயிலையும் கப்பல் தளத்தையும் காவல் செய்யத்தான், பழைய கோட்டையை இடித்துவிட்டு, நீங்கள் பார்க்கப்போகும் கோட்டையை 1832க்கும் 1837க்கும் இடையில் கட்டினார்கள். பகைவன் வரவில்லை. 1846ஐ ஒட்டி மீண்டும் அமெரிக்கரோடு பிணக்கு முற்றும்போலத் தோன்றவே, கரையோரத்தில் நான்கு உருண்டைக் கோபுரங்களையும் எழுப்பினார்கள். அப்போதும் வரவில்லை. கால்வாயும் இக்கோட்டைகளும் சேர்ந்து 2007இல் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றன.

பகைவனை வெளியே நிறுத்தக் கட்டிய அந்த மதில், கட்டி முடித்த மறுவருடமே ஆட்களை உள்ளே பூட்டி வைக்கத்தான் பயன்பட்டது. 1837இலும் 1838இலும் பிரித்தானிய ஆட்சிக்கு எதிராகக் கனடாவில் எழுந்த கிளர்ச்சியில் பிடிபட்டவர்களை அங்கே அடைத்தார்கள். அமெரிக்கக் கரையிலிருந்து படை திரட்டிவந்து தோற்றுப்போன நில்ஸ் வொன் ஷூல்ட்ஸ் என்பவரை 1838 டிசெம்பர் 8ஆம் திகதி அந்தக் கோட்டையில்தான் தூக்கிலிட்டார்கள். அவருக்குச் சட்ட ஆலோசனை சொன்ன இளம் வழக்கறிஞர் ஜோன் ஏ. மக்டொனால்ட், பின்னர் 1867இல் கனடாவின் முதலாவது பிரதமரானவர் அவர்தான். இரண்டு உலகப் போர்களின்போதும் அங்கே ஆட்களைப் பிடித்து வைத்திருந்தார்கள். ஆகவே, காலையில் கோட்டை, மாலையில் சிறை என்று மகன் பிரித்துச் சொன்னாலும், நீங்கள் அன்று பார்க்கப்போவது இரண்டு சிறைகளை.

கண்ணுக்குத் தெரியும் வேறுபாடு ஒன்றும் உண்டு. நம்முடைய கோட்டை வாவியின் ஓரத்தில் நிமிர்ந்து நிற்கிறது. தூரத்திலிருந்தே மதில் தெரியும். ஹென்றி கோட்டையோ குன்றுக்குள் குந்தியிருப்பதுபோல் அமைந்தது. தரைப்பக்கமாக வருகிறவனுக்குப் புல் மூடிய சரிவும் தாழ்ந்த கல்விளிம்புமே தெரியும். கிட்ட வந்தபின்தான் தண்ணீரில்லாத ஆழ்ந்த அகழி காலடியில் வாயைத் திறக்கும். போர்த்துக்கேயர் காலத்துப் பீரங்கிக்கும் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பீரங்கிக்கும் இடையில் வந்த மாற்றம் அது. பீரங்கியின் வலு கூடக்கூட, உயர்ந்து நிற்கும் சுவர் குறிபார்ப்பதற்கு வசதியான இலக்காகிவிட்டது. அதனால் கோட்டைகள் மண்ணுக்குள் இறங்கின. இந்த ஒன்றை நேரில் பார்ப்பதற்காகவே அங்கே போகலாம்.

மகனிடம் ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். சிறைச்சாலை நூதனசாலை வேறு, சிறைச்சாலை வேறு. 1835 யூன் 1ஆம் திகதி முதற் கைதிகள் ஆறு பேரை ஏற்ற கிங்ஸ்டன் சிறைச்சாலை, 2013 செப்டெம்பர் 30ஆம் திகதி மூடப்பட்டது. அதற்குள்ளே வழிகாட்டியோடுதான் போகலாம். அனுமதிச் சீட்டை முன்னதாகவே எடுத்துவைப்பது நல்லது. நூதனசாலை இருப்பது, வாசலுக்கு எதிரே வீதியின் மறுபக்கத்தில், சிறைத் தலைமை அதிகாரி குடியிருப்பதற்காகக் கைதிகளைக் கொண்டே 1873இல் கட்டி முடித்த கல்வீட்டில். இரண்டுமே வெயிற்காலத்தில்தான் திறந்திருக்கும். நேரம் ஒன்றுக்கே போதுமென்றால் நூதனசாலையைத் தெரிவு செய்யுங்கள், நடை குறைவு.

கேள்வி (அக்கரைப்பற்று மாணவி): மனிதர்கள் துன்பப்பட்ட இடத்தைக் காட்சியாக்கி, சீட்டு விற்று, மக்கள் வந்து படம் எடுத்துப் போவது சரியா? எனக்கு அது அருவருப்பாக இருக்கிறது.

பதில்: அந்த அருவருப்பைக் கைவிட வேண்டாம், மகள், அதையும் எடுத்துக்கொண்டே போய்ப் பார்க்க வேண்டிய இடங்கள் அவை. மேலே சொன்ன கிங்ஸ்டன் சிறையையே எடுத்துக்கொள்வோம். அதைக் கட்டியவர்கள் தம்மைக் கொடியவர்கள் என்று எண்ணியவர்களல்லர். சவுக்கடிக்கும் தூக்குக்கும் பதிலாக, மனிதனைத் தனிமையிலும் உழைப்பிலும் வைத்துத் திருத்தலாம் என்று நம்பியவர்கள். அந்த நம்பிக்கையின் விளைவாக அவர்கள் அமைத்த அறையின் அகலம் 74 சென்ரிமீற்றர். கைகளை விரிக்க முடியாது. இருபுறமும் சுவரில் இடிக்கும். கைதிகள் தமக்குள் பேசக்கூடாது, சைகை காட்டக்கூடாது, ஒருவரையொருவர் பார்த்துச் சிரிக்கவும் கூடாது. இந்த மௌன விதியை மீறினால் அடி.

1842இல் சார்ல்ஸ் டிக்கன்ஸ் அந்த ஊருக்கு வந்தபோது இந்தச் சிறையையும் பார்த்து, நன்றாகவும் அறிவோடும் நடத்தப்படுகிறது என்று மெச்சி எழுதினார். ஏழைகளின் துயரை எழுதியே பேர் பெற்றவர் அவர். ஏழு ஆண்டுகளின்பின், 1849இல், ஜோர்ஜ் பிரவுண் என்பவர் செயலாளராக இருந்த விசாரணைக்குழு அதே சிறையின் பதிவேடுகளைப் புரட்டியது. எட்டு வயதுச் சிறுவன் ஒருவனை ஒன்பது மாதத்துக்குள் நாற்பதுக்கும் மேற்பட்ட தடவைகள் அடித்திருந்தார்கள். அவன் செய்த குற்றமெல்லாம் சிரித்ததும், பேசியதும், கண்ணை வேறுபக்கம் திருப்பியதுமே. அச்சிறையின் முதலாவது தலைமை அதிகாரி பதவியிழந்தார். பார்வையிட வந்த பெரிய எழுத்தாளருக்குத் தெரியாமற்போனதைச் சிறையின் சொந்தக் கணக்குப் புத்தகம் காட்டிக்கொடுத்தது. தண்டனையைக் கொடுத்தவர்களே திகதியும் எண்ணிக்கையும் தவறாமல் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த ஏடுகளை யாரும் பாதுகாக்காமல் விட்டிருந்தால், இன்று அந்தச் சிறுவனைப் பற்றி நீயும் நானும் பேசிக்கொண்டிருக்க மாட்டோம்.

சீட்டு விற்பது எனக்குக் குறையாகத் தெரியவில்லை. கூரை ஒழுகினால் ஓடு மாற்றக் காசு வேண்டும். எதைக் காட்டுகிறார்கள், எதை மறைக்கிறார்கள் என்பதே எனக்கு முக்கியம். கிங்ஸ்டன் நூதனசாலையில் கைதிகள் கரண்டியிலும் கம்பியிலும் செய்த ஆயுதங்களும், தப்பிப்போகச் செய்த கருவிகளும் இருக்கின்றன. கூட்டம் அங்கேதான் மொய்க்கும். அடிப்பதற்காகக் கைதியைக் கட்டிவைத்த மேசையும் அதே வீட்டில் இருக்கிறது. ஆயுதத்தை மட்டும் காட்டிவிட்டு மேசையைக் களஞ்சிய அறைக்குள் தள்ளியிருந்தால், அந்த நூதனசாலையைப் பற்றி நானும் உன்னைப்போலத்தான் பேசுவேன். படம் எடுப்பதைப் பொறுத்தவரையில் உன்னோடு எனக்கு முழு உடன்பாடு. அந்த மேசைக்குப் பக்கத்தில் நின்று பல்லைக் காட்டிப் படம் எடுப்பவர்களுக்கு யாராவது நல்ல வார்த்தை இரண்டு சொல்ல வேண்டும்.

கேள்வி (செங்கலடி வாசகர்): திருகோணமலையில் இருப்பது ஃபிரெடரிக் கோட்டை. கிங்ஸ்டனிலும் ஃபிரெடரிக் கோட்டை என்று ஒன்று இருப்பதாக அறிந்தேன். இருவரும் ஒருவரா?

பதில்: பெயர் ஒன்று, ஆள் வேறு. திருகோணமலைக் கோட்டைக்கு 1803இல் பிரித்தானியர் சூட்டியது, மூன்றாம் ஜோர்ஜ் மன்னரின் மகனான யோர்க் கோமகன் ஃபிரெடரிக்கின் பெயரை. கிங்ஸ்டனில் கோட்டை நிற்கும் முனைக்குப் பெயர் கொடுத்தவர், கியூபெக்கின் ஆளுநராயிருந்த ஃபிரெடரிக் ஹல்டிமண்ட். இரண்டும் இன்றும் படையினரின் வளவுக்குள்ளேயே இருக்கின்றன என்பது இன்னொரு ஒற்றுமை: நம்முடையதற்குள் இராணுவ முகாம், அவர்களுடையதற்குப் பக்கத்தில் 1876இல் தொடங்கிய இராணுவக் கல்லூரி.

கேள்வி (கல்முனை ஆசிரியர்): பத்தாம் ஆண்டு மாணவர்கள் நாற்பது பேரை ஒரு நாள் கல்விச் சுற்றுலாவாக மட்டக்களப்புக் கோட்டைக்கும், அங்கிருந்து திருகோணமலைக் கோட்டைக்கும் கூட்டிப்போக விரும்புகிறோம். ஒரே நாளில் இரண்டையும் காட்ட வழி உண்டா? பிள்ளைகள் கவனிக்க வேண்டியவை எவை?

பதில்: வழி உண்டு, ஆனால் அந்த வழியை நான் சொல்லித்தரப் போவதில்லை. கல்முனையிலிருந்து மட்டக்களப்புக்கு ஒரு மணித்தியாலம். அங்கிருந்து வாகரை, வெருகல், மூதூர், கிண்ணியா வழியாகத் திருகோணமலைக்கு மேலும் ஏறத்தாழ 130 கிலோமீற்றர். பஸ்ஸுக்குள் பாட்டும் கூத்துமாகப் போய், மத்தியான வெயிலில் கோட்டை வாசலில் இறங்கி, கோணேசர் கோயிலுக்குக் கும்பிடப் போகும் அவசரத்தில் மதிலைப் பாராமலே திரும்பி வந்த சுற்றுலாக்களை ஆசிரியராக இருந்த காலத்தில் நானே நடத்தியிருக்கிறேன். பிள்ளைகள் எழுதிய கட்டுரைகளில் மான்கள் இருந்தன, கடல் இருந்தது, சோற்றுப் பார்சல் இருந்தது; கோட்டை இருக்கவில்லை. ஆகவே ஒரு நாளுக்கு ஒரு கோட்டை போதும். முதலாவது, கிட்டத்தில் இருக்கும் புளியந்தீவுக் கோட்டை.

பிள்ளைகளை உள்ளே கொண்டுபோகுமுன் வெளியே நிறுத்துங்கள். இரண்டு பக்கம் வாவி, மற்ற இரண்டு பக்கம் அகழி. ஆகவே தீவுக்குள் இன்னொரு தீவாக அந்தக் கோட்டை அமைந்திருக்கிறது. நான்கு மூலையிலும் நான்கு கொத்தளங்கள். ஒரு கொத்தளத்தில் நிற்கிறவனுக்கு அடுத்த கொத்தளம் வரையுள்ள மதிலின் அடிப்பகுதி முழுவதும் தெரியும். மதிலோடு ஒட்டிக்கொண்டு ஏற வருகிறவனை இரண்டு பக்கத்திலிருந்தும் சுடலாம். கொத்தளம் ஏன் வெளியே துருத்திக்கொண்டு நிற்கிறது என்று கேளுங்கள்; நீங்கள் சொல்லாமலே பத்து நிமிடத்தில் யாராவது ஒரு பிள்ளை கண்டுபிடிக்கும். கோட்டைமுனை என்ற ஊர்ப்பெயர் எப்படி வந்தது என்பதையும் அங்கே வைத்தே கேட்கலாம்.

பிறகு, கடலை நோக்காமல் வாவிக்குள் ஏன் கட்டினார்கள் என்ற கேள்விக்கு வாருங்கள். கண்டி அரசனுக்குக் கிழக்குக் கரையில் திறந்திருந்த வாசல்கள் திருகோணமலையும் மட்டக்களப்பும்தான். 1602ஆம் ஆண்டு மே மாதக் கடைசியில் ஒல்லாந்தக் கடற்தளபதி ஜோரிஸ் வொன் ஸ்பில்பேர்கன் வந்து நங்கூரம் போட்டது நம்முடைய மட்டக்களப்புக் கரையில். இங்கிருந்துதான் அவர் கண்டிக்குப் போய் அரசன் விமலதர்மசூரியனைச் சந்தித்தார். அந்த உறவு வளருமுன் வாசலை அடைத்துவிடவே போர்த்துக்கேயர் 1624இல் திருகோணமலையிலும் 1628இல் புளியந்தீவிலும் கோட்டை கட்டினார்கள்.

கண்டியில் அப்போது அரசாண்ட இரண்டாம் இராசசிங்கன் ஒல்லாந்தரை அழைத்தான். அடம் வெஸ்ரர்வோல்ட் என்பவரின் தலைமையில் வந்த கப்பற்படையும் அரசனின் படையும் சேர்ந்து 1638 மே 18ஆம் திகதி கோட்டையைப் பிடித்தன. இலங்கையில் ஒல்லாந்தர் கையில் விழுந்த முதற் கோட்டை இது. ஐந்து நாள் கழித்து, மே 23ஆம் திகதி, மட்டக்களப்பிலேயே அரசனும் வெஸ்ரர்வோல்டும் ஓர் உடன்படிக்கையில் ஒப்பமிட்டார்கள். பிடிபடும் கோட்டைகளில், அரசன் விரும்பினால், ஒல்லாந்தர் படை வைத்துக் காக்கலாம் என்பது அதில் ஒரு விதி. அந்த “அரசன் விரும்பினால்” என்ற சொற்கள் ஒல்லாந்தர் வைத்திருந்த பிரதியில் இல்லாமற் போயின! இலங்கை வரலாற்றில் இதைவிடப் பெரிய விலை கொடுத்த எழுத்துப்பிழை வேறு எனக்குத் தெரியவில்லை. பிழை என்று நாகரிகத்துக்காகச் சொல்கிறேன். வகுப்பறையில் இதைச் சொன்னால் பரீட்சைக் குறிப்பு. அந்த மதிலின் நிழலில் நின்று சொன்னால் பிள்ளைகளுக்கு மறக்காது.

பிரித்தானியர் காலத்திலிருந்து கோட்டைக்குள்ளே கச்சேரி என்ற மாவட்ட அரச அலுவலகம் இயங்கியது. பிறப்புச் சான்றிதழ், காணி அனுமதிப்பத்திரம், வெள்ள நிவாரணம் என்று இந்த மாவட்டத்துக் குடும்பங்களில் பெரும்பாலானவை ஏதாவது ஒரு தாளுக்காக அந்த வாசலைக் கடந்திருக்கும். வீட்டிலுள்ள முதியவர்களிடம் “கச்சேரிக்குப் போன கதை” ஒன்றைக் கேட்டு எழுதிக்கொண்டு வரும்படி பிள்ளைகளுக்கு முதல்நாளே சொல்லிவையுங்கள். மத்தியானத்துக்குப்பின் நேரம் மிஞ்சினால், 1924இல் திறந்த கல்லடிப் பாலத்தையும் 1913இல் கட்டிய முகத்துவாரத்து வெளிச்சவீட்டையும் காட்டிக்கொண்டு பொழுதுபடத் திரும்பலாம்.

திருகோணமலைக்கு அடுத்த தவணையில் போங்கள். 1622இல் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து, அந்தக் கல்லையே எடுத்துக் கட்டிய கோட்டை அது. நுழைவாயிலின் நிலைக்கல்லில் மீன் இலச்சினைக்கு அருகே, குளக்கோட்டன் என்ற பழைய மன்னன் செய்த திருப்பணியைப் பின்னாளில் பறங்கி பிரிப்பான் என்று சொல்லும் தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. வாகனங்கள் அந்த வாசல் வழியாக உள்ளே ஓடிக்கொண்டே இருப்பதால், ஓரமாக ஒதுங்கி நின்று பார்க்கச் சொல்லுங்கள். முகாமுக்குள் போகும் பாதையாகையால் நாற்பது பேருடைய பெயர்ப்பட்டியலும் கையில் இருப்பது நல்லது.

கேள்வி (வாகரை வாசகர்): மூதூர்ப் பக்கம் வெள்ளைக்காரன் மரம் என்று ஒரு புளியமரத்தைக் காட்டுகிறார்கள். அதற்கும் கோட்டைக்கும் தொடர்பு உண்டா?

பதில்: கோட்டையோடு நேரான தொடர்பு இல்லை, இந்த மாதப் பொருளோடு நிறையவே உண்டு. ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பனியின் ஆன் என்ற கப்பல் புயலில் பாய்மரத்தை இழந்து, அதைத் திருத்துவதற்காகக் கொட்டியாரக் குடாவுக்குள் வந்தது. கரையிறங்கிய கப்பல் தலைவரையும், அவருடைய மகன் றொபேர்ட் நொக்ஸையும், மாலுமிகளையும் 1660இல் இராசசிங்கனின் ஆட்கள் பிடித்துக்கொண்டுபோனார்கள். நம்முடைய கோட்டையை ஒல்லாந்தரோடு சேர்ந்து பிடித்த அதே இராசசிங்கன்தான். தகப்பன் மறுவருடமே காய்ச்சலில் இறந்தார்; மகன் கண்டி இராச்சியத்தில் பத்தொன்பது ஆண்டுகள் கைதியாக இருந்தார்.

அவரை அடைத்து வைக்க மதிலும் இல்லை, பூட்டும் இல்லை. ஊர்களில் குடியேற்றி, சோறு கொடுக்கும் பொறுப்பை ஊரவர்களிடம் விட்டுவிட்டார்கள். தொப்பி பின்னி விற்றார். நெல் கடன் கொடுத்தார். வீடும் வளவும் வைத்திருந்தார். காடும், கணவாய்களில் இருந்த முட்கடவைகளும், அங்கே நின்ற காவலருமே அவருடைய சிறைச்சுவர். கடைசியில் 1679இல் சாமான் விற்கிறவரைப்போல வடக்கே நடந்து நடந்து, மன்னாருக்குத் தெற்கேயுள்ள அரிப்பில் ஒல்லாந்தர் கோட்டையைப் போய்ச் சேர்ந்தார். மதிலில்லாத சிறையிலிருந்து தப்பியவர் ஒரு கோட்டைக்குள் நுழைந்த அன்றுதான் விடுதலையானார். மூதூர் வழியாகப் போகிறவர்கள் அந்த மரத்தடியில் ஐந்து நிமிடம் நிற்கலாம்.

கேள்வி (களுவாஞ்சிகுடி வாசகர்): கனடாவைப்போல, மூடிய சிறையையோ பழைய சிறைக்கோட்டையையோ போய்ப் பார்க்க நமக்கு எவை உண்டு? மட்டக்களப்புச் சிறைச்சாலையும் பழைமையானதுதானே?

பதில்: வடக்கே ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் நடுவில், கடலுக்குள்ளேயே நிற்கும் ஹமன்ஹீல் கோட்டையைச் சொல்லலாம். போர்த்துக்கேயர் கட்டியதை ஒல்லாந்தர் பிடித்தபின் தம்முடைய நாட்டுச் சொல்லில் பன்றித் தொடையின் குதி என்று பெயர் வைத்தார்கள். சிறையாகவும் அதைப் பயன்படுத்தினார்கள். கடந்த நூற்றாண்டிலும் அங்கே கைதிகளை அடைத்திருந்தார்கள். இப்போது கடற்படையினர் விடுதியாக நடத்துகிறார்கள். ஒரு காலத்தில் வெளியே வர ஏங்கிய அறைகளுக்குள் இன்று காசு கொடுத்துப் படுக்கப் போகிறார்கள். கண்டியில் 1876இல் கட்டிய போகம்பறைச் சிறைச்சாலையிலிருந்து கைதிகளை 2014இல் வேறிடத்துக்கு மாற்றிவிட்டார்கள். நகரின் நடுவே அந்த நெடுஞ்சுவரை வெளியிலிருந்தும் பார்க்கலாம்.

வைத்தியத்துக்காக வேலூருக்குப் போகிறவர்கள் நம் மாவட்டத்தில் பலர் இருப்பதால் இன்னொன்றும் சொல்கிறேன். பரிசோதனை முடிவு வரும்வரை விடுதி அறையில் குந்தியிருக்கும் நாளில், ஊர் நடுவே அகழியோடு இருக்கும் வேலூர்க் கோட்டைக்குப் போய் வாருங்கள். திப்பு சுல்தானின் குடும்பத்தாரை வைத்திருந்த கோட்டை அது; 1806 யூலை 10ஆம் திகதி இந்தியச் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்ததும் அங்கேதான். 1815இல் கண்டியில் பிடிபட்ட கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம இராசசிங்கனை மறுவருடம் கடல் கடத்திக்கொண்டுபோய் அந்தக் கோட்டைக்குள்ளேயே வைத்தார்கள். 1832இல் இறக்கும்வரை அவர் ஊர் திரும்பவில்லை. பாலாற்றங்கரையில் அவருக்கு முத்து மண்டபம் என்ற நினைவிடம் இருக்கிறது.

மட்டக்களப்புச் சிறைச்சாலை இன்றும் இயங்கும் சிறை. பார்க்கப் போகும் இடமன்று. அதன் சுவருக்குள் இருக்கும் வரலாறு சிறியதுமன்று. 1983 யூலை 25ஆம், 27ஆம் திகதிகளில் கொழும்பு வெலிக்கடைச் சிறையில் தமிழ்க் கைதிகள் 53 பேர் கொல்லப்பட்டார்கள். உயிர்தப்பியவர்களைக் கொண்டுவந்து அடைத்தது மட்டக்களப்புச் சிறையில். செப்டெம்பர் 23ஆம் திகதி அந்தச் சிறை உடைக்கப்பட்டது. வெலிக்கடை 1841இல் கட்டியது. கிங்ஸ்டனைவிட ஆறு வயதே இளையது. நம்முடைய நாட்டில் என்றாவது ஒரு சிறைச்சாலை நூதனசாலை வருமானால், அடிக்கும் மேசையை அவர்கள் காட்டுவதுபோல, இந்தத் திகதிகளையும் பெயர்களையும் அங்கே எழுதியிருக்கிறார்களா என்றுதான் நான் முதலில் தேடுவேன்.

கேள்வி (மண்முனை வாசகர்): புளியந்தீவுக் கோட்டையைப் பார்க்க எந்த நேரம் நல்லது?

பதில்: காலை எட்டு மணிக்கு முன். வாவியின் மறுகரையில் நின்றால் மதிலின் மேல் வெயில் சரிவாக விழும்; கல்லும் சுண்ணாம்பும் தனித்தனியாகத் தெரியும். மார்கழி, தை மாதங்களில் மட்டும் குடையை மறக்க வேண்டாம்.